காலுறைச் சுருக்கம்



தங்கள் அப்பாவின் நினைவாக இந்த அறக்கட்டளையை நிறுவிய குடும்பத்தார் என்னிடம் ஒரே ஒரு நிபந்தனைதான் வைத்தார்கள். "அப்பாவைப் புகழ்ந்தே நேரத்தை ஓட்டிவிடாதீர்கள், அவருக்குப் பிடிக்காது. கிரவுண்டைப் பற்றிப் பேசுங்கள்" என்றார்கள். ஆயுள் முழுக்க உடற்கல்வி ஆசிரியராக இருந்தவருக்கு அதுதான் மரியாதை. நேராக மைதானத்துக்கே போய்விடுகிறேன்.

முதலில் காலுறையைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

அமெரிக்காவில், லாஸ் ஏஞ்சலிஸில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் கூடைப்பந்து அணிக்கு ஜான் வுடன் பயிற்சியாளராக இருந்தார். 1964 தொடங்கி 1975 வரை 12 பருவங்களில் 10 முறை தேசியக் கல்லூரிப் பட்டத்தை வென்ற அணி அது. நாட்டிலேயே தேர்ந்த பள்ளி ஆட்டக்காரர்கள் அங்கே வந்து சேர்வார்கள். பின்னாளில் கரீம் அப்துல் ஜப்பார் என்று உலகம் அறிந்த ஏழடி இளைஞரும் அவர்களில் ஒருவர். பெரிய வித்தை எதையோ கற்றுத்தரப் போகிறார் என்று முதல் நாள் காத்திருப்பார்கள். வுடன் அவர்களை உட்காரவைத்து, காலுறை எப்படிப் போடுவது என்று சொல்லிக்கொடுப்பார். விரல் பக்கம் இழுத்துவிட்டு, சுண்டுவிரல் ஓரத்திலும் குதிகாலிலும் ஒரு சுருக்கம் கூட இல்லாமல் கையால் நீவிவிட வேண்டும். அதன் பிறகு ஷூ. நாடாவை ஒவ்வொரு துளையிலும் இறுக்கிக் கட்ட வேண்டும்.

காரணம் எளிது. சுருக்கம் இருந்தால் கொப்புளம் வரும். கொப்புளம் வந்தால் பயிற்சி போகும், பயிற்சி போனால் ஆட்டம் போகும். ஒருவன் பந்தைக் கையில் எடுப்பதற்கு முன்பே அவனுடைய பாதத்தைப் பற்றிக் கவலைப்பட்டவர் அவர்.

நம் பிள்ளைகளில் பலருக்குக் காலுறையே கிடையாது என்று நீங்கள் சொல்வீர்கள். உண்மைதான். அண்ணன் போட்ட ஸ்பைக்ஸைத் தம்பி போட்டுக்கொண்டு வருவான், நுனியில் துணி அடைத்திருக்கும். ஆனால் அந்தத் துணியை நாம் எத்தனை பேர் குனிந்து பார்த்திருக்கிறோம்? நான் முதல் பத்து வருடம் பார்க்கவில்லை. என் கண் ஸ்டாப் வாட்ச்சில் இருந்தது.

வுடனைப் பற்றி இன்னொரு செய்தி. 1974-75 பருவத்தில் ரொனால்ட் கேலிமோர், ரோலண்ட் தார்ப் என்ற இரண்டு உளவியலாளர்கள் அவருடைய பயிற்சியை 15 நாட்கள் உட்கார்ந்து கவனித்தார்கள். அவர் வாயைத் திறந்ததையும் கையைக் காட்டியதையும் ஒன்று விடாமல் வகைப்படுத்திக் குறித்தார்கள். மொத்தம் 2,326. அதில் பாராட்டு 6.9 சதவீதம். வெறும் திட்டு 6.6 சதவீதம். திட்டிய கையோடு எப்படிச் செய்ய வேண்டும் என்றும் சேர்த்துச் சொன்னது 8 சதவீதம். பாதிக்கு மேல் நேரடியான பாடம்: இங்கே நில், தோளை இப்படித் திருப்பு, இப்போது விடு. செய்து காட்டுவதையெல்லாம் சேர்த்தால் ஏறத்தாழ முக்கால் பங்கு கற்பித்தல். வீர உரை எதுவும் இல்லை. இரண்டு மணி நேரப் பயிற்சிக்காகக் காலையில் உதவியாளர்களோடு இரண்டு மணி நேரம் உட்கார்ந்து திட்டம் போடுவார், யாருக்கு இன்று என்ன வேண்டும் என்று. எங்கள் துறையில் 'மோட்டிவேஷன்' என்ற சொல்லுக்கு இன்று இருக்கிற மவுசைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இந்தக் கணக்கு ஞாபகம் வரும்.

நம் ஊரில் கணக்கு வேறு. அடியாத மாடு படியாது என்போம். அடி உதவுற மாதிரி அண்ணன் தம்பி உதவ மாட்டான் என்போம். விசில் ஊதுவதற்கு, விசில் கயிறு அடிப்பதற்கு என்று வைத்திருந்த தலைமுறை எங்களுடையது. நானும் அடித்திருக்கிறேன். என்னிடம் அடி வாங்கி மாநில அளவில் ஜெயித்தவர்கள் இன்றும் கல்யாணப் பத்திரிகை கொண்டுவந்து கொடுத்து, "நீங்க அடிச்சதாலதான் மாஸ்டர்" என்கிறார்கள். கேட்கச் சுகமாகத்தான் இருக்கிறது. ஆனால் பத்திரிகை கொடுக்க வராதவர்கள்? அடிக்குப் பயந்து மூன்றாம் நாளே மைதானத்துக்கு வராமல் நின்றவர்களின் முகம் கூட எனக்கு ஞாபகம் இல்லை. நம்முடைய வெற்றிக் கணக்கு, தங்கியவர்களை மட்டும் வைத்துப் போட்ட கணக்கு.

இதை அளந்து பார்த்தவர்கள் இருக்கிறார்கள். வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் ரொனால்ட் ஸ்மித்தும் ஃப்ராங்க் ஸ்மோலும் சிறுவர் பேஸ்பால் பயிற்சியாளர்களில் ஒரு பிரிவுக்கு மட்டும் சில மணி நேரப் பாடம் எடுத்தார்கள். தவறு செய்த பையனிடம் என்ன பேசுவது, முயற்சியை எப்படிக் கவனிப்பது என்பதுதான் பாடம். 1992-இல் வெளியான முடிவு இது: பாடம் கேட்காத பயிற்சியாளர்களின் அணிகளிலிருந்து அடுத்த பருவத்துக்குள் 26 சதவீதப் பிள்ளைகள் நின்றுவிட்டார்கள். பாடம் கேட்டவர்களின் அணிகளில் 5 சதவீதம். இரு பக்கமும் வெற்றி தோல்வியில் பெரிய வேறுபாடு இல்லை.

இனி என் சொந்தக் கதை. இதைச் சொல்லத்தான் இந்த மேடைக்கு ஒப்புக்கொண்டேன்.

ஒன்பதாம் வகுப்புப் பெண். 800 மீட்டர். குறுவட்டத்தில் முதலிடம், மாவட்டத்தில் இரண்டாமிடம். அம்மா பூக்கட்டி விற்பவர். விடிகாலை ஐந்து மணிக்கு முதல் பஸ்ஸில் வந்து இறங்குவாள். ஒரு நாள் வார்ம் அப் முடிந்ததும் என்னிடம் வந்து, கணுக்காலுக்கு ஒரு சாண் மேலே, உள்பக்க எலும்பில் இரண்டு விரலை வைத்து அழுத்திக் காட்டினாள். "மாஸ்டர், இந்த எடத்துல மட்டும் வலிக்குது."

நான் குனிந்து பார்க்கவில்லை. "ஷின் பெயின்மா. ஓடுற எல்லாருக்கும் வரும். ஐஸ் வை, சரியாயிடும்" என்றேன். அவர்கள் வீட்டில் ஃப்ரிட்ஜ் கிடையாது. அம்மா உப்பு வறுத்து ஒத்தடம் கொடுத்திருக்கிறார். இன்னொரு தடவையும் சொன்னாள். "வலியப் பாத்தா மெடல் வாங்க முடியுமா?" என்றேன். மூன்றாம் வாரத்திலிருந்து அவள் சொல்லவில்லை. வலி போய்விட்டது என்று எடுத்துக்கொண்டேன்.

மாநிலப் போட்டியில் இரண்டாவது சுற்று. 500 மீட்டர் தாண்டியதும் வளைவில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு டாக்டர் கேட்டார், "எத்தன நாளா வலி?"

"ரெண்டு மாசமா."

"ரெண்டு மாசமா? யார்கிட்டயும் சொல்லலயாம்மா?"

அவள் என்னை ஒரு தடவை பார்த்தாள். பிறகு டாக்டரிடம், "சொல்லல சார்" என்றாள்.

பதினான்கு வயதுப் பெண், எலும்பில் விரிசலோடு படுத்துக்கொண்டு, என் மானத்தைக் காப்பாற்றினாள். என் பணிக்காலத்தில் எனக்குக் கிடைத்த சான்றிதழ்களை வீட்டில் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறேன். அந்த இரண்டு சொல்லை எங்கே மாட்டுவது என்று தெரியவில்லை.

டாக்டரின் அடுத்த கேள்வி அம்மாவிடம். மாதவிலக்கு ஒழுங்காக வருகிறதா? எனக்குக் கூச்சமாகி வெளியே கிளம்பினேன். "நில்லுங்க மாஸ்டர், நீங்கதான் கேக்கணும்" என்றார் அவர். ஏழு மாதமாக வரவில்லை. "ஓடுற புள்ளைக்கு அது வராம இருக்கறதே சௌகரியம்னு விட்டுட்டோம்" என்றார் அம்மா. என்ன சாப்பிடுவாள்? காலையில் பயிற்சிக்கு முன்பு ஒன்றும் இல்லை, பிறகு டீயும் பன்னும், மதியம் சத்துணவு, ராத்திரி ரசமும் சோறும். இந்தச் சாப்பாட்டில் வாரத்துக்கு 40 கிலோமீட்டர் ஓடிக்கொண்டிருந்தாள். அந்த 40 நான் எழுதிக்கொடுத்தது. சாப்பாட்டைப் பற்றி ஒரு நாளும் கேட்டதில்லை.

செலவுக்குத் தகுந்த வரவு இல்லாத வீட்டில் என்ன நடக்கும்? அவசரமில்லாத செலவை நிறுத்துவார்கள். உடம்பும் அதையேதான் செய்கிறது. பயிற்சிக்குச் செலவான சக்திக்கு ஈடாக உணவு வராதபோது, முதலில் இனப்பெருக்கத்துக்கான வேலைகளை நிறுத்திவைக்கிறது. மாதவிலக்கு நிற்கிறது. ஈஸ்ட்ரோஜன் குறைகிறது, எலும்பு தன்னைப் புதுப்பித்துக்கொள்வது தளர்கிறது. அந்த எலும்பின் மேல்தான் நாம் தினமும் ஆயிரக்கணக்கான தடவை குதிக்கச் சொல்கிறோம். சர்வதேச ஒலிம்பிக் குழுவின் மருத்துவ வல்லுநர்கள் 2014-இல் இதற்கென ஒரு பெயரே வைத்து அறிக்கை வெளியிட்டார்கள். தமிழில் விளையாட்டுவழி ஆற்றல் பற்றாக்குறை என்று சொல்லலாம். ஆண் வீரர்களுக்கும் இது வரும் என்று அதே அறிக்கை சொல்கிறது. மாதவிலக்கு நிற்பது கடும் பயிற்சிக்கான அத்தாட்சி என்று நம்புகிற பயிற்சியாளர்கள் இன்றைக்கும் இருக்கிறார்கள். அவர்களுக்கு நான் இந்தக் கதையைச் சொல்வதுண்டு.

சாப்பாட்டைப் பற்றி இன்னொரு கதை. 1984 லாஸ் ஏஞ்சலிஸ் ஒலிம்பிக்ஸ். 400 மீட்டர் தடை ஓட்டத்தில் பி.டி. உஷா 55.42 விநாடி. வெண்கலம் வாங்கிய ருமேனியாவின் கொஜோகாரு 55.41. அந்த நூறில் ஒரு பங்கு விநாடியைப் பற்றி நம் நாட்டில் எல்லோருக்கும் தெரியும். நெஞ்சைச் சரியான நேரத்தில் முன்னால் தள்ளவில்லை என்பது ஒரு விளக்கம். உஷாவே பின்னாளில் சொன்ன இன்னொன்று உண்டு. ஒலிம்பிக் கிராமத்தில் அமெரிக்கச் சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை, ஊரிலிருந்து கொண்டுபோன கடுமாங்காய் ஊறுகாயும் கஞ்சியும் பழத்துண்டுகளுமாகவே ஓட்டினார், கடைசி 35 மீட்டரில் அது தெரிந்தது என்றார். அவருடைய பயிற்சியாளர் ஓ.எம். நம்பியார் 1985-இல் முதன்முதலாகத் துரோணாச்சாரியார் விருது வழங்கப்பட்டபோது அதைப் பெற்ற மூவரில் ஒருவர். பய்யோலி கடற்கரை மணலில் அந்தப் பெண்ணை ஓடவைத்து வளர்த்தவர். அவரை நான் குறை சொல்லவில்லை. ஓர் அணியோடு சமையல்காரரும் ஊட்டச்சத்து நிபுணரும் போக வேண்டும் என்ற எண்ணமே நம்மிடம் அப்போது இல்லை.

சரியாக 40 வருடம் கழித்து, 2024 ஆகஸ்ட் 7 காலை, பாரிஸ். வினேஷ் போகத் 50 கிலோ பிரிவு இறுதிப் போட்டிக்கு முன்பு எடைக்கருவியில் ஏறுகிறார். 100 கிராம் கூடுதல். முந்தைய நாள் மூன்று ஆட்டம் ஜெயித்தவர், அதில் ஒன்று அதுவரை சர்வதேசப் போட்டிகளில் தோற்றறியாத ஜப்பானின் யூயி சுசாகியோடு. அவர் வழக்கமாக மோதுவது 53 கிலோ பிரிவில். ராத்திரி முழுக்கத் தூங்காமல் ஓடி, நீராவி அறையில் உட்கார்ந்து, கடைசியில் முடியையும் வெட்டியும் அந்த 100 கிராம் இறங்கவில்லை. எடைக்குப் பொறுப்பு வீராங்கனையும் பயிற்சியாளரும்தான், ஒலிம்பிக் சங்கம் நியமித்த மருத்துவர் அல்ல என்று அப்போது அறிக்கை விட்டவர் இந்திய ஒலிம்பிக் சங்கத் தலைவர். அவர் வேறு யாருமல்ல, பி.டி. உஷா. விதிப்படி அந்த அறிக்கை சரியாக இருக்கலாம். கஞ்சி குடித்து ஓடியவரின் அந்த அறிக்கையில் வேறு ஏதாவது ஒரு வார்த்தை முதலில் வந்திருக்கலாம் என்று எனக்குத் தோன்றியது.

என் கதைக்குத் திரும்புகிறேன். அந்தப் பெண் ஆறு மாதம் ஓடவில்லை. அந்த ஆறு மாதத்தில் நான் ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கினேன். நீளநோட்டு. தினமும் காலையில் ஒவ்வொருவரும் தாங்களே மூன்று விஷயம் எழுத வேண்டும்: எத்தனை மணி நேரம் தூங்கினாய், எங்கே வலி, நேற்றைய பயிற்சி பத்துக்கு எவ்வளவு கடினம்.

மூன்றாவதை நான் கண்டுபிடிக்கவில்லை. கார்ல் ஃபாஸ்டர் என்ற அமெரிக்க உடலியலாளரின் முறை. பயிற்சி முடிந்து அரை மணி கழித்து, 'எப்படி இருந்தது?' என்று ஒரே கேள்வி. பூஜ்ஜியம் முதல் பத்து வரை ஓர் எண். அதைப் பயிற்சி நேரத்தின் நிமிடங்களால் பெருக்கினால் அன்றைய சுமை. 50 நிமிடம், கடினம் 8 என்றால் 400. அதே 50 நிமிடத்துக்கு இன்னொருவன் 4 போட்டால் அவனுக்கு 200-தான். ஒரே விசில், ஒரே ஓட்டம், இரண்டு உடம்பு. வாரக் கணக்கைக் கூட்டிப் பார்த்தால், யாருக்குத் திடீரென்று எகிறியிருக்கிறது என்று கருவி எதுவும் இல்லாமலே தெரிந்துவிடும். 2001-இல் ஃபாஸ்டரும் அவர் சகாக்களும் இன்னொன்றையும் காட்டினார்கள். பயிற்சியாளர் 'இன்று லேசான நாள்' என்று திட்டமிட்ட நாளில் வீரர்கள் அதைவிடக் கடினமாகவும், 'இன்று கடினம்' என்ற நாளில் அதைவிட லேசாகவும் உழைத்திருந்தார்கள். கடைசியில் எல்லா நாளும் நடுத்தரம். நான் எழுதிய அட்டவணை ஒன்று, அவர்கள் உடம்பில் நடந்தது வேறொன்று.

நோட்டு ஆரம்பித்த முதல் மாதம் ஏறத்தாழ எல்லோரும் ஒரே மாதிரி எழுதினார்கள். '8 மணி, வலி இல்லை, 5.' ஒருவன் எழுதியதைப் பார்த்து அடுத்தவன் எழுதுவான், பள்ளிக்கூடத்து வீட்டுப்பாடம் போல. எனக்குக் கோபம் வந்தது. பிறகு யோசித்தேன். இரண்டாவது வாரம் ஒருவன் தொடையில் பிடிப்பு என்று எழுதியதும், ரிலே அணியிலிருந்து அவன் பெயரை அடித்துவிட்டு வேறொருவனைப் போட்டிருந்தேன். உண்மை எழுதினால் பெயர் போகும் என்று நானே எல்லோருக்கும் பாடம் எடுத்திருக்கிறேன்.

அதற்குப் பிறகு ஒரு விதி வைத்தோம். நோட்டில் எழுதியதற்காக யார் பெயரும் போகாது, பயிற்சிதான் மாறும். இதை அவர்கள் நம்ப ஒரு பருவம் முழுக்கப் பிடித்தது. நம்பிய பிறகு வந்த எழுத்துகளைப் பார்க்க வேண்டும். 'முட்டிக்குக் கீழ எலும்பு முட்டிக்கிட்டு இருக்கு' என்று ஒரு எட்டாம் வகுப்புப் பையன். வளர்கிற வயதில் எலும்பு தசைநாரை முந்திக்கொண்டு நீளும்போது வருவது அது. 'அப்பா குடிச்சிட்டு வந்தார்' என்று தூக்கக் கட்டத்தில் ஒரு வரி. பெண் பிள்ளைகள் பக்கத்தின் மூலையில் சின்ன நட்சத்திரம் போட்டால் அது மாதவிலக்கு நாள். அந்த ஏற்பாட்டை எங்கள் பள்ளி அறிவியல் டீச்சர் செய்து கொடுத்தார். அதற்கு முன்பு எல்லாவற்றுக்கும் 'வயித்து வலி சார்' என்ற ஒரே சொல்தான்.

பிள்ளைகள் சொல்லத்தான் செய்கிறார்கள். அமெரிக்க ஜிம்னாஸ்டிக்ஸ் அணி மருத்துவர் லாரி நாசர் மீதான பாலியல் வன்கொடுமை வழக்கில் 2018 ஜனவரியில் 150-க்கும் மேற்பட்ட பெண்கள் நீதிமன்றத்தில் நின்று பேசினார்கள். அவர்களில் சிலர் அதற்கு இருபது வருடம் முன்பே, சிறுமிகளாக இருந்தபோதே, தங்கள் பயிற்சியாளரிடம் சொன்னவர்கள். நம் நாட்டில் 2012-இன் போக்சோ சட்டப்படி, ஒரு குழந்தை அப்படிச் சொன்னால் காவல்துறைக்குத் தெரிவிப்பது சட்டக் கடமை. அணியின் பெயர், பள்ளியின் பெயர் என்று மூடிவைப்பது குற்றம். விடுதி அறையிலோ வாகனத்திலோ எந்தப் பிள்ளையோடும் தனியாக இருக்காதீர்கள் என்று இளம் பயிற்சியாளர்களிடம் சொல்கிறேன். சிலருக்குக் கோபம் வருகிறது. வரட்டும்.

பிள்ளையின் பக்கம் நிற்பது என்றதும் இன்னொருவர் நினைவுக்கு வருகிறார். புதுக்கோட்டை மாவட்டத்துக் கத்தக்குறிச்சி இந்த அவைக்குத் தெரிந்த ஊர்தான். செங்கல் சூளைத் தொழிலாளர்களின் மகள் சாந்தி சௌந்தரராஜன் 2006 டிசம்பரில் தோஹா ஆசிய விளையாட்டுப் போட்டியில் 800 மீட்டரில் வெள்ளி வென்றார். பாலினச் சோதனை என்ற பெயரில் ஒன்றை நடத்திப் பதக்கத்தைப் பறித்தார்கள். அந்தரங்கமாக இருக்க வேண்டிய மருத்துவ விஷயம் தொலைக்காட்சிச் செய்தியாக ஊரெல்லாம் ஓடியது. அடுத்த வருடம் அவர் உயிரை விடும் எல்லை வரை போய் மீண்டார். பிறகு சூளையில் கூலி வேலை. விதி சரியா தவறா என்ற வாதம் உலகம் முழுக்க இன்னும் நடக்கிறது, அதற்குள் நான் போகவில்லை. அவர் ஊர் திரும்பியபோது பக்கத்தில் யார் இருந்திருக்க வேண்டும் என்பதுதான் என் கேள்வி. சாந்தி பிறகு பயிற்சியாளர் படிப்பு முடித்தார், 2016-இல் தமிழக அரசு அவரை நிரந்தரப் பயிற்சியாளராக நியமித்தது.

காலம் மாறவே இல்லை என்று சொல்ல மாட்டேன். 2024 டிசம்பரில் சிங்கப்பூரில் 18 வயது குகேஷ் உலக சதுரங்கப் பட்டம் வென்றபோது, மனப்பயிற்சியாளர் பேடி அப்டன் அவருடைய குழுவில் இருந்தார். எதிரே அமர்ந்த டிங் லிரென் தன் மனச்சோர்வைப் பற்றி வெளிப்படையாகப் பேசியவர். இரண்டுமே முப்பது வருடம் முன்பு நினைத்துப் பார்க்க முடியாதவை. ஆனால் நம் மாவட்ட மைதானத்துப் பிள்ளைக்கு அப்டன் வரப்போவதில்லை. அவனுக்கு இருப்பது பி.டி. வாத்தியார் ஒருவர்தான். அந்த வாத்தியாரின் பீரியடைக் கணக்கு வாத்தியார் கடன் வாங்கிக்கொள்வார், திருப்பித் தந்ததாகச் சரித்திரம் இல்லை. மைதானங்களில் வேலை செய்கிற பலர் ஒப்பந்த ஊதியக்காரர்கள், பதக்கம் வந்தால்தான் அடுத்த வருடம் வேலை. அப்படிப்பட்டவரிடம் போய், 'அந்தப் பிள்ளைக்கு இரண்டு வாரம் ஓய்வு கொடு' என்றால் அவர் எங்கே கொடுப்பார்? ஆறு மாதம் ஓய்வு கொடுத்ததால் பதக்கம் குறைந்தது என்று ஒரு பயிற்சியாளரைக் கேள்வி கேட்காத அதிகாரிகள் நமக்கு வேண்டும்.

நான் ஓய்வு பெற்ற வருடத்து நோட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது. அதில் பிப்ரவரி மாதம் ஒரு நாள், பதினோராம் வகுப்புப் பையன் ஒருவன், 400 மீட்டர்க்காரன், தூக்கக் கட்டத்தில் 'முட்டை' என்று எழுதியிருக்கிறான். பூஜ்ஜியத்தைத்தான் சொல்கிறான். கூப்பிட்டுக் கேட்டேன். அப்பாவுக்குக் காய்ச்சல், பரோட்டா கடையில் அவர் இடத்தில் இவன் மாவு பிசைந்திருக்கிறான். கடை சாத்தும்போது மணி இரண்டு. வீட்டுக்குப் போனால் எழுந்திருக்க முடியாது என்று நேராக ஸ்டேடியத்துக்கே வந்து கேட் திறக்கிற வரை வெளியில் உட்கார்ந்திருக்கிறான். அன்றைக்கு அவனுக்கு ஆறு 300 மீட்டர் ரிப்பீட். மாவட்டப் போட்டிக்குப் பத்து நாள்தான் இருந்தது. கையைப் பார்த்தேன், நகக்கண்ணில் மாவு காய்ந்திருந்தது. கேலரிக்குக் கீழே நிழலில் ஹை ஜம்ப் மெத்தை கிடந்தது. "போய்ப் படுடா" என்றேன். மற்றவர்களை எதிர்ப்பக்கம் கூட்டிக்கொண்டு போய், அன்று விசில் ஊதாமல் கையைத் தட்டியே பயிற்சியை முடித்தோம். ஏழே முக்காலுக்கு எழுப்பி, டீயும் இரண்டு முட்டையும் வாங்கிக்கொடுத்துப் பள்ளிக்கு அனுப்பினேன்.